மருந்தா, சருகா?

செடியினின்று பறித்த இலைக்கு இரண்டு முடிவுகள் உண்டு. முறையாக உலர்ந்தால் அது மருந்து. முறைகெட உலர்ந்தால் அது சருகு. இரண்டிற்கும் நிலம் ஒன்று, விதை ஒன்று, உழவன் சிந்திய வியர்வையும் ஒன்று. பறித்தபின் வரும் ஏழெட்டு நாள்களில் அவ்விலை எங்கே கிடந்தது, எவ்வாறு கிடந்தது என்பதே இரண்டையும் வேறாக்குகின்றது. தமிழ் மருத்துவத்தின் தொன்மையை மேடைதோறும் முழங்குவார் பலர் உளர். அம் மருத்துவத்தின் உயிர்நிலையாகிய இந்த ஏழெட்டு நாள்களை எண்ணிப் பார்ப்பார் மிகச் சிலரே. அதனால் விளைந்த கேடு மருந்துக்கும் உண்டு. அதைவிடப் பெரிதாக, அம் மருந்தை விளைவிக்கும் தமிழ் உழவனுக்கும் உண்டு.

உடன்குடி என்றவுடன் தமிழர்க்கு நினைவு வருவது கருப்பட்டி. அவ்வூர்ப் பனங்கருப்பட்டி புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. இனி வேறோர் ஊரார் காய்ச்சிய வெல்லத்தை உடன்குடிப் பெயரால் விற்றல் சட்டப்படி குற்றம். நன்று. ஆனால், திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் சூழ்ந்த அந்தச் செம்மணல் தேரி நாடு பனைக்கு மட்டும் தாய்நிலமன்று. அங்கே முருங்கை செழிக்கின்றது. அதனையொட்டிய தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் வானம் பார்த்த நிலங்களில் நிலவாகை வளர்கின்றது. நிலவாரை, நிலாவிரை என்றும் நூல்கள் இதனைக் குறிக்கும். அப்பகுதி உழவர் அவுரி என்றே அழைப்பர். நீலச்சாயம் தரும் அவுரி வேறு, இது வேறு. மலச்சிக்கலை நீக்கும் மருந்தாக உலகம் முழுவதும் நாடுவது இந்த நிலவாகையின் இலையையும் காயையுமே. தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியே செருமனிக்கும் அமெரிக்காவுக்கும் சப்பானுக்கும் அது பொதி பொதியாய்ச் செல்கின்றது.

இச் செடி தமிழ் நிலத்திலேயே தோன்றியதன்று. அரபு நாட்டினின்று கடல்வழி வந்தது. இதனை மறைக்க வேண்டுவதில்லை. வந்த செடியைத் தன் மண்ணில் ஊன்றி, நீர் குறைந்த நிலத்திலும் விளைத்து, உலகச் சந்தையில் எகிப்தின் அலெக்சாந்திரிய வகைக்கு ஒப்பாக நிறுத்தியவன் தமிழ் உழவன். அதனாலன்றோ மேலை நாட்டு மருந்து நூல்கள் இதனைத் 'தின்னவெலி சென்னா' என்று திருநெல்வேலியின் பெயராலேயே வழங்குகின்றன! 1986ஆம் ஆண்டு தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்த பின்னும் அப் பெயர் மாறவில்லை. ஊரின் பெயரை வாய்சிதைத்துச் சொன்னாலும், ஊரின் பெயர் இலையோடு ஒட்டியே நிற்கின்றது. ஆயின் பெயருக்குரிய ஊரார்க்குக் கிட்டும் பயன் என்ன? அதனை முடிவு செய்வதில் உலர்த்தும் களத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

நிலவாகையின் ஆற்றல் அதிலுள்ள சென்னோசைடு என்னும் பொருளால் ஆவது. சுவிசு நாட்டு அறிஞர் ஆர்தர் சுடோலும் அவர் குழுவினரும் 1941இல் அதனைப் பிரித்தெடுத்தனர். அதன்பின் எழுந்த வினா ஒன்று: பச்சையிலையிலேயே இப்பொருள் நிறைந்திருக்கின்றதா? பெல்சிய நாட்டு ஆய்வாளர் இலெம்லியும் அவருடன் பணியாற்றியவரும் 1978இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. பச்சையிலையில் இருப்பன வேறு முன்னிலைப் பொருள்கள். இலை மெல்ல உலரும்போது, அவ்விலைக்குள்ளேயே இருக்கும் நொதிகள் அப்பொருள்களை இரண்டிரண்டாக இணைத்துச் சென்னோசைடாக மாற்றுகின்றன. இம் மாற்றம் நிகழும் வெப்பம் 20 முதல் 50 பாகை செல்சியசு வரை.

இதன் பொருளைத் தமிழர் ஊன்றி உணர்தல் வேண்டும். உலர்த்தல் என்பது நீரை ஓட்டுவது மட்டுமே என்று பலரும் எண்ணுகின்றனர். நிலவாகையைப் பொறுத்தவரை, உலர்த்தும்போதுதான் மருந்தே பிறக்கின்றது. வயலில் விளைவது மருந்தின் கரு. களத்தில் விளைவதே மருந்து. அளவுக்கு மீறிய வெப்பம் பட்டால் நொதி அழியும். பிறந்த பொருளும் சிதையும். வேனிற் காலத்து நண்பகலில் வெறுமணலின் மேற்பரப்பு 50 பாகையைத் தாண்டுவது எளிது. அம் மணலிலோ, அதனினும் சுடும் தார்ச்சாலையிலோ இலையைப் பரப்பிவிட்டு இரண்டே நாளில் காய்ந்தது என்று மகிழ்வது, அடுப்பில் ஏற்றிய சோற்றைக் கருக்கிவிட்டு விரைவில் வெந்தது என்று மகிழ்வது போன்றதாகும்.

மறுபுறமும் இடர் உண்டு. காற்றோட்டமில்லாத அறையில் இலையைக் குவித்துவைத்தால் குவியல் தானே சூடேறிக் கறுக்கும். ஈரம் தங்கிய இடத்தில் பூஞ்சணம் பூக்கும். சில பூஞ்சணங்கள் நஞ்சையே கக்குவன. 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் இலக்கத்துக்கு மேல் மடிந்தன. அவற்றின் தீனியில் கலந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் படர்ந்திருந்த பூஞ்சணத்தின் நஞ்சே அதற்குக் கரணியம் என்று பின்னர்த் தெரிந்தது. அன்றுமுதல் உலக நாடுகள் உணவிலும் மருந்துச் சரக்கிலும் அந் நஞ்சை அளந்து பார்க்கத் தொடங்கின. எனவே மிகு வெயிலும் ஆகாது. மிகு ஈரமும் ஆகாது. நடுவே இருப்பது நிழலும் காற்றும்.

தமிழ் மருத்துவம் இந்த நடுவழியை நெடுநாள் முன்பே பிடித்துக்கொண்டது. 'நிழலில் உலர்த்தி இடித்துச் சலித்து' என்னும் தொடர், இலை மருந்து செய்யும் மருத்துவர் அனைவர்க்கும் பழகிய தொடர். இலையும் பூவும் நிழலுக்குரியன. கட்டையும் பட்டையும் தடித்த வேரும் வெயில் தாங்குவன. மணமுள்ளது எதுவாயினும் வெயிலில் இடலாகாது. இவ்வாறு சரக்கறிந்து உலர்த்தும் வழக்கம் பரம்பரை மருத்துவர் வீடுகளில் இருந்தது. நன்னாரி வேரை முகர்ந்து பார்ப்பவர் இதன் உண்மையை உடனே உணர்வர். அதன் மணம் ஆவியாகும் இயல்புடையது. கடும் வெயிலில் கிடந்த வேர் நன்னாரியின் உருவத்தைக் காட்டுமேயன்றி நன்னாரியின் மணத்தைக் காட்டாது.

ஆயினும் இங்கே ஒரு தடுமாற்றத்தைக் களைதல் வேண்டும். முன்னோர் நொதியையும் வேதிப்பொருளையும் அன்றே அறிந்திருந்தனர் என்று சொல்லித் திரிவது வெற்றுப் பெருமை. அவர்கள் அறிந்திருந்தது விளைவை. நிழலில் உலர்ந்த இலை நோயைத் தீர்த்தது. வெயிலில் காய்ந்தது தீர்க்கவில்லை. அதனைக் கண்டு நினைவில் இருத்தி, மாணவர்க்குச் சொல்லி, ஓலையில் எழுதி வைத்தனர். அதுவே பெருமைக்குரிய செயல்தான். அதன் கரணியத்தைக் கண்டறியும் கடமை பின்வந்தோர்க்கு உரியதாயிற்று. அக் கடமையை நிலவாகையைப் பொறுத்தவரை செய்து முடித்தவர் சுவிசு நாட்டாரும் பெல்சிய நாட்டாரும் என்பதை எண்ணும்போதுதான் நெஞ்சம் சுடுகின்றது.

தம் பழநூலைத் தாமே ஆய்ந்து பயன்கண்ட இனத்தாரும் உலகில் உளர். மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து தேடிய சீன அறிஞர் தூ யூயூ, மருக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியை ஆய்ந்துகொண்டிருந்தார். சூடேற்றிப் பிரித்த சாறு ஒருகால் வேலை செய்தது, ஒருகால் பொய்த்தது. ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன் கே ஓங் என்னும் சீன மருத்துவர் எழுதிய நூலை அவர் திருப்பிப் பார்த்தார். செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து அச் சாற்றைக் குடிக்குமாறு அந்நூல் கூறியது, காய்ச்சுமாறு கூறவில்லை. வெப்பமே மருந்தைக் கெடுக்கின்றது என்று தூ யூயூ உய்த்துணர்ந்தார். 1971இல் குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதரைக் கொண்டு சாற்றைப் பிரித்தார், மருந்து கைகூடிற்று. 2015இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. பழநூலின் ஒரு வரியை வழிபட்டதனால் வந்த பரிசன்று அது. அவ்வரியை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் சென்றதனால் வந்த பரிசு. 'நிழலில் உலர்த்துக' என்னும் தமிழ் வரிக்கு அத்தகைய மதிப்பைத் தமிழர் தந்தனரா?

2012இல் தெங்குக் காய்ச்சல் பரவியபோது தமிழ்நாட்டரசு நிலவேம்புக் குடிநீரை மக்களுக்கு வழங்கியது. தமிழ் மருத்துவத்தின்மேல் மக்களுக்கு நம்பிக்கை வளர அது துணைநின்றது. ஆனால் ஊரெங்கும் ஒரே நேரத்தில் நிலவேம்பு வேண்டப்படும்போது, வந்து சேரும் சரக்கு எங்கே பறித்தது, எவ்வாறு உலர்ந்தது, எத்தனைத் திங்கள் எக் கிடங்கில் கிடந்தது என்று கேட்பவர் எத்தனைப் பேர்? குடிநீர் பயன் தராவிட்டால் பழி உலர்த்தியவன்மேல் விழாது. தமிழ் மருத்துவத்தின்மேலேயே விழும். பிழையாக உலர்ந்த ஒவ்வொரு பொதியும் தமிழ் மருத்துவத்தைப் பழிப்பவர் கையில் கொடுக்கப்படும் கருவியாகும்.

இனி உழவனின் நிலையைப் பார்ப்போர்க்கு உண்மை விளங்கும். விதைத்த இரண்டு மூன்று திங்களில் நிலவாகையின் முதற் பறிப்பு வரும். பறித்த இலையை மெல்லிய அடுக்காக நிழலில் பரப்பி, நாளும் கிளறிவிட்டு, ஏழு முதல் பத்து நாள் வரை காக்க வேண்டும். ஈரம் 8 முதல் 10 விழுக்காட்டுக்குள் இறங்க வேண்டும். இதற்குக் கூரை வேண்டும், இடம் வேண்டும், கிளற ஆள் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பத்து நாள் பொறுக்கும் பணவலிமை வேண்டும். ஓரிரண்டு குறுக்கம் நிலத்தில் மழையை நம்பி விதைத்தவனிடம் இவற்றுள் எது உண்டு? கடன் கொடுத்தவன் வாயிலில் நிற்கின்றான். ஐப்பசி மழை இருண்டு வருகின்றது. அவன் இலையை வெட்டவெளியில் பரப்பி, பாதி காய்ந்தும் காயாமலும் அள்ளிக் கட்டி, வந்த விலைக்குத் தள்ளிவிடுகின்றான். நிழலில் உலர்த்த வேண்டும் என்பதை அவன் அறியாதவன் அல்லன். அவனுக்கு இல்லாதது அறிவன்று; நிழல்.

விலை முடிவாகும் முறையோ இன்னும் கொடிது. இலையின் நிறத்தைக் கண்ணால் பார்த்தும், கையால் நொறுக்கியும் விலை சொல்லப்படுகின்றது. பசுமை மாறாத இலைக்கு ஒரு விலை, மஞ்சளித்ததற்கு ஒரு விலை, கறுத்ததற்கு மற்றொன்று. நிறம் ஓர் அடையாளமே. உள்ளிருக்கும் மருந்தின் அளவை நிறம் முழுதாகச் சொல்லாது. கடல் கடந்து இறங்கியபின் அதே இலையை வாங்குவோர் நிறத்தை மட்டும் நம்புவதில்லை. சென்னோசைடு எத்தனை விழுக்காடு என்று அளக்கின்றனர். இலைக்கு 2.5 விழுக்காடேனும் இருத்தல் வேண்டும் என்பது ஐரோப்பிய மருந்து நூல் நெடுங்காலம் வைத்திருந்த வரையறை. அந்த எண்ணை வாங்குபவன் அறிவான், இடையில் விற்பவனும் அறிவான், விளைத்தவன் அறியான். தன் பொருளின் அளவைத் தான் அறியாதவன், பிறன் சொன்ன விலையை ஏற்பதன்றி வேறு என்ன செய்ய இயலும்?

முருங்கையிலும் இதே கதை இப்போது தொடங்கியுள்ளது. காய்க்காக வளர்த்த முருங்கையின் இலையை இன்று பொடியாக்கி வெளிநாடுகளுக்கு அனுப்புகின்றனர். முருங்கையிலையின் சிறப்புகளுள் ஒன்று, கண்ணுக்கு ஒளிதரும் உயிர்ச்சத்தாக மாறும் கரோட்டின் என்னும் பொருள். ஒளியும் வெப்பமும் அதனைச் சிதைப்பன. கழுவி, நீர் வடித்து, நிழலில் தட்டுகளில் பரப்பி உலர்த்திய இலை பச்சைப் பொடியாகின்றது; வெயிலில் காய்ந்தது வெளிறிப் போகின்றது. மேலும் உடன்குடி கடலை அடுத்த ஊர். கடற்காற்றின் ஈரத்தை உலர்ந்த பொடி உடனே உறிஞ்சும். உலர்த்திய அன்றே காற்றுப் புகாமல் கட்டிவைக்காவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண். நிலவாகையில் இழந்ததை முருங்கையிலும் இழப்பதா என்பதே இற்றைநாளில் அவ்வட்டார மக்கள் முன் நிற்கும் வினா.

இதற்குத் தீர்வு வானத்தினின்று இறங்க வேண்டுவதில்லை. தேரி நாட்டிலேயே அது நிற்கின்றது. அதன் பெயர் பனை. பனையோலை வேய்ந்த கொட்டகை வெயிலைத் தடுக்கும்; காற்றைத் தடுக்காது. பனைமட்டையாலும் நாராலும் பின்னிய தட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், சிறிய இடத்தில் பேரளவு இலையை மண் படாமல் உலர்த்தலாம். கருப்பட்டி தந்த மரமே மருந்துக்கு நிழலும் தரும். பனையை வெட்டிச் செங்கல் சூளைக்கு அனுப்பும் கைகள் இதனை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். மழைக்காலத்துக்குக் கதிரவன் வெப்பத்தால் இயங்கும் உலர்த்திகளும் வேண்டும். அவற்றை வெறுக்கத் தேவையில்லை. வெப்பம் 50 பாகைக்குக் கீழே நிற்குமாறு அவை அமைந்தால் போதும். பழமை என்பதற்காக ஒன்றைத் தழுவுதலும், புதுமை என்பதற்காக ஒன்றைத் தள்ளுதலும் அறிவுடைமை ஆகா.

ஆனால் கொட்டகையை ஒவ்வோர் உழவனும் தனியே கட்டிக்கொள்ள இயலாது. ஊர்தோறும் கூட்டுறவு முறையில் பொது உலர்களம் அமைதல் வேண்டும். இலை அங்கே வந்து சேர்ந்த அன்றே அதன் மதிப்பில் ஒரு பகுதியை முன்பணமாக உழவன் கையில் கொடுத்தல் வேண்டும். இஃது இல்லாமல் பத்து நாள் பொறு என்று அவனுக்கு அறிவுரை கூறுவது, பசித்தவனுக்கு நோன்பின் சிறப்பை உரைப்பதாகவே முடியும். அடுத்து, ஒவ்வொரு பொதியின் ஈரத்தையும் மருந்தளவையும் அளந்து, அந்த எண்ணைத் தமிழில் எழுதி உழவன் கையில் தரும் ஆய்வகம் தூத்துக்குடியிலேயே வேண்டும். ஆய்வறிவுக்கு அப்பகுதியில் பஞ்சமில்லை. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி உள்ளது. கிள்ளிகுளத்தில் வேளாண்மைக் கல்லூரி உள்ளது. ஒன்று மருந்தை அறியும். மற்றொன்று செடியை அறியும். இரண்டும் கூடி நின்று உழவனின் களத்துக்கு வருதலே எஞ்சியுள்ள வேலை.

தமிழுணர்வாளர் சிலர்க்கு ஓர் ஐயம் எழலாம்: இலை உலர்த்துவதற்கும் தமிழ்க் காப்புக்கும் என்ன தொடர்பு? தொடர்பு உண்டு. கப்பலேறும் பொதியின்மேல் 'சென்னா' என்றே எழுதப்படுகின்றது. நிலவாகை என்னும் சொல்லைக் கடை வணிகரும் மறந்து வருகின்றனர். அச் சொல்லை மீட்க விரும்புவோர் அகரமுதலியில் மட்டும் மீட்டால் போதாது. பொருளைப் பிறர் ஆளும்போது பெயரையும் பிறரே இடுவர். பொருளைத் தமிழர் செம்மையாக ஆக்கி, அளந்து, முத்திரையிட்டு அனுப்பும் நாளில் தமிழ்ப் பெயரும் அதன்மேல் தானாக ஏறும். கருப்பட்டி இதற்குச் சான்று. உடன்குடியார் அதன் காய்ச்சும் பக்குவத்தைக் கைவிடாததனால் அதன் பெயரும் கைவிடப்படவில்லை.

1906இல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரனார் கப்பல் நிறுவனம் தொடங்கியபோது, தமிழ்நாட்டுச் சரக்கைச் சுமந்து செல்லும் ஊதியம் அயலானுக்கே போகலாகாது என்பது அவர் கொண்ட உறுதி. 2011 முதல் அத் துறைமுகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவர் பெயர் கொண்ட துறையிலிருந்தே, அளக்கப்படாத இலை அடிமாட்டு விலைக்கு ஏறிப் போவது அவர் நினைவுக்குச் செய்யும் சிறப்பாகுமா? உலர்களம் ஒன்று கட்டுவதற்கு ஆகும் செலவு, விழா ஒன்றுக்கு ஆகும் செலவைவிடக் குறைவு. உடன்குடி வட்டாரத்துத் தமிழ் மன்றங்கள் தத்தம் ஊரில் ஓர் ஓலைக் கொட்டகையேனும் எழுப்பிக் காட்டட்டும். அடுத்த பறிப்பின் இலையை அதில் உலர்த்தி, வெயிலில் காய்ந்த இலையோடு சேர்த்து ஆய்வுக்கு அனுப்பி, இரண்டின் எண்ணையும் ஊர்ப் பொதுவிடத்தில் எழுதி வைக்கட்டும். அவ்வெண்களைக் கண்ட உழவன் பின்னர் எவன் சொல்லும் விலைக்கும் தலையாட்டான். தமிழ் மருத்துவம் வாழ்க என்னும் முழக்கத்துக்கு அன்றே பொருள் உண்டாகும்.